காற்றுக்காரிக்கு ஒரு பெரட்டு

றொசல்ல ரயில் நிலையத்திலிருந்து தேயிலைக்கு நடுவே ஏறிப் போனால் மேல்கணக்கு என்ற தோட்டப் பிரிவின் லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், வரும். லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பிள்ளைக் காம்பரா இருந்தது. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு குழந்தைகளுக்குப் புதுக் கட்டடம் வந்தது. பழைய அறைக்கு இரண்டு கொம்பியூட்டர்கள் வந்தன. தொட்டில் கட்டும் கொக்கிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. அவை கூரையிலேயே வரிசையாகத் தொங்கின.

“கொம்பியூட்டர் அழுதா தொட்டில்ல போட்டு ஆட்டலாம்” என்று லயத்துப் பையன் கிஷாந்த் சொல்வான்.

ஞாயிறு பின்னேரம் கொம்பியூட்டர் அறையைத் திறந்து பார்த்துக்கொள்ள சஞ்சயன் சேர் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வருவார். அவருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். அவர் “இருங்கோ, பொறுங்கோ” என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்.

இரண்டில் ஒரு கொம்பியூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். மற்றதில் இணையம். அது தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத்தான் வேலை தொடங்கும். ஒரு படம் முழுதாகத் தெரிவதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடித்துவிடலாம். அதனால் அந்தப் பக்கம் கூட்டமே இல்லை.

கூட்டம் இல்லாத இடம்தான் வினோதாவுக்குப் பிடிக்கும்.

வினோதா ஆறாம் ஆண்டு படித்தாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட “இருக்கேன்” என்பதைப் பக்கத்தில் இருப்பவளிடம்தான் சொல்வாள். பக்கத்தில் இருப்பவள்தான் அதை ரீச்சருக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சஞ்சயன் சேர் தமிழ்ப் பக்கங்களின் பட்டியல் ஒன்றைத் திறந்து கொடுத்தார். சமையல், அரசியல், சினிமா என்று நீண்ட பட்டியல். அதன் அடியில் ஒரு பெயர் கிடந்தது: ‘காற்றுக்காரி’. எழுதியவர் பெயர் ‘மஞ்சள்குடை’.

வினோதா அதைத் திறந்தாள்.

காற்றுக்காரி ஒரு தையற்காரி. பகலில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். யாருக்காவது ஆபத்து என்றால் வீசுகிற காற்றை ஒரு பிடி பிடித்துக் கைக்குள் பொத்திக்கொள்வாள். பிறகு தோளில் ஒரு நீல அங்கியைக் கட்டிக்கொண்டு பொத்திய கையை உயர்த்துவாள். அவ்வளவுதான், ஆகாயத்தில் இருப்பாள். தும்மல் வந்தால் மட்டும் கை திறந்துவிடும். எங்கே போய் விழுவாள் என்று அவளுக்கே தெரியாது.

“என்ன பிள்ளை, திரையை விழுங்கிற மாதிரிப் பாக்கிறீர்? நேரம் முடிஞ்சுது, எழும்பும்” என்றார் சஞ்சயன் சேர். வினோதாவுக்கு அது காதில் விழவே இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு கொப்பியோடு வந்தாள். திரையைப் பார்த்துப் பார்த்துக் விறுவிறுவென்று எழுதிக்கொண்டாள். வாரம் ஒரு பகுதி வரும். அந்தக் கொப்பி வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

மஞ்சள்குடையின் பக்கத்து ஓரத்தில் ‘நான் விரும்பிப் படிப்பவை’ என்று சில பெயர்கள் இருந்தன. அவற்றையும் திறந்து பார்த்தாள். ‘ஒற்றைச்செருப்பு’ என்பவர் ‘எறும்பு மாமா’ என்ற கதையை எழுதினார். எறும்பு மாமா ஒரு தபால்காரர். நினைத்தவுடன் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடுவார். ஆனால் மூக்குக் கண்ணாடி மட்டும் சிறுக்காது. அதைத் தூக்க நாலு எறும்புகளை உதவிக்குக் கூப்பிட வேண்டும். வகுப்பின் கடைசி இருக்கையைப் பெயராக வைத்துக்கொண்ட ‘கடைசி வாங்கு’ எழுதிய கதையில், எதையும் மறக்கவே முடியாத ஒரு பெண் திருடர்களைப் பிடித்தாள்.

இவர்கள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எந்தக் கடையிலும் இவர்களுடைய புத்தகம் இல்லை.

இவ்வளவு நல்ல கதைகளை வைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பது பெரிய கஷ்டம். வினோதா முதலில் தம்பி அழகனிடம் சொன்னாள். அழகனுக்கு ஐந்து வயது. பீலியில் வாளி நிறையும்வரை அவனைப் பக்கத்துக் கல்லில் உட்காரவைத்து, பீலியைப் பார்த்தபடியே சொல்லுவாள். மலையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் அது; வெயில் காலத்தில் நூல் மாதிரித்தான் விழும். ஒரு வாளி நிறையக் கால் மணி நேரம். கதை சொல்லச் சரியான நேரம்.

அழகன் பாதிக் கதையில் தூங்கிவிடுவான். ஆனால் வாளியோடு வரிசையில் நின்ற டிலானி தூங்கவில்லை.

“அப்பறம் என்னாச்சு, வினோ?”

வினோதா திரும்பிப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னாள். அடுத்த நாள் டிலானி சசிகரனைக் கூட்டி வந்தாள். “இந்தக் கதயக் கேட்டே ஆகணும்டா” என்றாள். சசிகரன் புவனேஸ்வரியைக் கூட்டி வந்தான். இப்படியே ஐந்து மாதத்தில், வாளி இல்லாத பிள்ளைகளும் பின்னேரம் பீலியடிக்கு வரத் தொடங்கினார்கள். வினோதா எல்லாருக்கும் முதுகைக் காட்டியபடிதான் கதை சொன்னாள். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

ஒரேயொரு விஷயம்தான் அவள் மனதை உறுத்தியது. கதையில் அவள் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தாள். முதல் நாளே அழகன் கேட்டான், “அங்கின்னா என்னக்கா?”

அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. “அது வந்து… அம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுவாங்கல்ல படங்கு? மழையில சேலை நனையாம? அது மாதிரி. இவ தோள்ல கட்டிக்குவா.”

அன்றிலிருந்து மேல்கணக்குப் பிள்ளைகளின் காற்றுக்காரி ஒரு நீலப் படங்கைக் கட்டிக்கொண்டுதான் பறந்தாள். மஞ்சள்குடைக்குத் தெரிந்தால் கோபிப்பாரோ என்று வினோதாவுக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தைத் திறந்தபோது அதில் கதை இல்லை. ஒரு சின்ன அறிவித்தல் மட்டும் இருந்தது.

‘நண்பரே, ஒரு வருடமாக எழுதுகிறேன். கீழே உள்ள எண்ணிக்கையைப் பார்த்தால், வாரத்துக்கு ஒரே ஒருவர்தான் இங்கே வந்து போகிறார். அந்த ஒருவருக்கு என் நன்றி. ஆனால் ஒருவருக்காக எழுதக் கைக்குத் தெம்பில்லை. அடுத்த ஞாயிறு இரவு இந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.’

வினோதா இரண்டு தடவை படித்தாள். அந்த ஒருவர் தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. போன வாரம்தான் காற்றுக்காரி ஒரு தொங்குபாலத்தின் மேலே பறந்துகொண்டிருந்தாள். கீழே அறுந்த கயிற்றில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தொங்கியது. அந்த நேரம் பார்த்துக் காற்றுக்காரிக்குத் தும்மல் வருகிற மாதிரி இருந்தது. கதை அங்கேயே நிற்கிறது!

“சேர்” என்றாள் மெதுவாக. “நாங்க எல்லாரும் வந்து இதத் தொறந்து பாத்தா, எண்ணிக்க கூடுமா?”

சஞ்சயன் சேர் அறிவித்தலைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இல்லைப் பிள்ளை. நூறு பேர் வந்து பாத்தாலும் ஒரு கொம்பியூட்டரை ஒரு ஆளாத்தான் அது எண்ணும்.” பிறகு பக்கத்தின் அடியைக் காட்டினார். “இஞ்சை ஒரு பெட்டி இருக்கு. எழுத்தாளருக்கு ஏதும் சொல்ல விரும்பினா இதிலை எழுதி அனுப்பலாம். ஆனா தமிழிலை அடிக்க எனக்கும் தெரியாது. இங்கிலீஷ் எழுத்திலைதான் அடிக்கவேணும்.”

அதற்குள் பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானத்தோடு பெருமழை. அம்மா மீனம்மா படங்கில் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார்.

“என்னம்மா, நேரத்தோட வந்துட்டீங்க?”

“மழைக்கு மலை வேலைய நிப்பாட்டிட்டாங்க. கணக்கப்பிள்ள அரப்பேருதான் போட்டாரு.”

தோட்டத்தில் அப்படித்தான். காலையில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டுக் கொப்பியில் எழுதுவார். நாள் முழுக்க வேலை செய்தால் பேரு, அதாவது முழுநாள் கூலி. பாதி நாள் என்றால் அரைப்பேர்.

“மிச்ச அர எங்கம்மா?” என்று அழகன் கேட்டான்.

“மழ தின்னுருச்சு.”

அழகன் வாசலில் போய் நின்று மழையை முறைத்தான்.

“பேரே போடலைன்னா என்னம்மா?” என்று வினோதா கேட்டாள்.

“போடலைன்னா நம்ம வேலைக்கே போகலைன்னு அர்த்தம். மூச்சு வாங்க ஏறி எறங்கினாலும் கணக்குல இல்ல. அதுக்குத்தான் பெரட்டுல பேரு கூப்பிட்டதும் தொண்ட கிழிய ‘இருக்கேன்’னு கத்துறோம்.”

வினோதா அடுப்படியில் அப்படியே நின்றாள். கணக்கில் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பீலியடியில் நிற்கிறார்கள்! மஞ்சள்குடையிடம் யார் அவர்களுக்குப் பேர் போட்டது?

மழை விட்டதும் கொப்பியோடு பீலியடிக்கு ஓடினாள். நடந்ததைச் சொன்னாள். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனாலும் முழுவதையும் சொன்னாள். படங்கு விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டாள்.

“இப்ப பெரட்டு எடுக்கப் போறேன். கத கேட்டவங்க பேரு குடுங்க. ஞாயித்துக்கெழம அந்தப் பெட்டியில அடிச்சு அனுப்பிருவேன்.”

கிஷாந்த் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள்கூடத் தவறாமல் கதை கேட்டவன் அவன். இப்போது சத்தமாகச் சிரித்தான்.

“அடி போடி! மஞ்சக்கொடையாம், ஒத்தச்செருப்பாம். மனுசனுக்கு யாராவது இப்பிடிப் பேரு வைப்பாங்களா? எல்லாம் நீயே விட்ட கத. மேல என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் பக்கத்த மூடுறாங்கன்னு புளுகுற!”

“புளுகல.”

“அப்ப பொஸ்தகத்தக் காட்டு.”

“பொஸ்தகம் இல்ல. கொம்பியூட்டர்ல இருக்கு.”

“இல்லாத ஆளுக்கு நா ஏன் பேரு குடுக்கணும்?”

வினோதாவின் காது சிவந்தது. கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினாள். டிலானி பெயர் கொடுத்தாள். சசிகரன் கொடுத்தான். கடைசியில் இருபத்தொன்பது பெயர்கள் சேர்ந்தன.

“எனக்கு?” என்றான் அழகன்.

“நீதான் பாதியில தூங்கிருவியே. ஒனக்கு அரப்பேரு.”

அழகன் அழுதான். ஆனால் சட்டம் என்றால் சட்டம்தானே! இருபத்தொன்பதரைப் பேர் என்று வினோதா கீழே எழுதிக் கோடு போட்டாள்.

ஞாயிறு அன்று மலை முழுக்கப் பனிமூட்டம். வினோதாவின் முறை வர நாலு மணியாகிவிட்டது. பெட்டியில் ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வோர் எழுத்தையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் ‘நாங்கள் மேல்கணக்குப் பீலியடி’ என்று அடித்தாள். பிறகு படங்கு விஷயத்தையும் ஒப்புக்கொண்டாள். பிறகு பெயர்கள். ஒன்று, இரண்டு, மூன்று…

பன்னிரண்டாவது பெயரில் டப்பென்று திரை கறுத்தது.

“கரண்ட் போட்டுது” என்றார் சஞ்சயன் சேர்.

“நா அடிச்சதெல்லாம், சேர்?”

“அனுப்பேல்லைத்தானே? அழிஞ்சிருக்கும் பிள்ளை.”

வினோதாவின் கண்கள் நிரம்பின. கார் ஓட்டிக்கொண்டிருந்த கிஷாந்த், “ஐயோ, என் காரு!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மின்சாரம் திரும்பி வந்தபோது நாலரை மணி. இணையம் கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்க இன்னும் ஐந்து நிமிடம் போனது. பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்தது. கிஷாந்த் தன் காரை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். புளுகைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தான்.

திரையில் ‘காற்றுக்காரி’ என்று இருந்தது. ‘மஞ்சள்குடை’ என்று இருந்தது. தொங்குபாலம், கயிறு, தும்மல், எல்லாம் இருந்தன. அந்த அறிவித்தலும் இருந்தது.

கிஷாந்த் உதடசைத்து அதை முழுவதும் படித்தான். காதைச் சொறிந்தான்.

“நெசமாவே ஒரே ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரா?”

“ம்.”

“சேர், என் பதினஞ்சு நிமிசத்த இவளுக்குக் குடுக்கறேன்!” என்றான்.

ஆனால் வினோதா தலையை ஆட்டினாள். ஐந்து மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான். அவளுடைய ஒற்றை விரல் இருபத்தொன்பது பெயர்களைத் தேடி முடிப்பதற்குள் கதவு பூட்டியாகிவிடும். நடுவில் திரும்பவும் கரண்ட் போனால்?

“நா அடிச்சா முடியாது” என்றாள். “அவங்கவங்க பேர அவங்கவங்களே அடிக்கட்டும். அவங்க பேரோட எழுத்து அவங்களுக்குத் தெரியும், தேட வேண்டாம். அஞ்சு பேருக்கு ஒருக்கா அனுப்பிருவோம். கரண்டு போனாலும் அனுப்பினது அழியாது.”

“மூளை!” என்றார் சஞ்சயன் சேர். “கெதியாக் கூப்பிடும்.”

கூப்பிட வேண்டுமா? வினோதா அதை யோசிக்கவில்லை. பிள்ளைகள் வெளியே பனிமூட்டத்துக்குள் அங்கும் இங்குமாகக் கிட்டிப்புள் அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் எங்கே என்றே தெரியவில்லை.

அவள் ‘மேல்கணக்குப் பெரட்டு. கதை கேட்டவர்கள் பேர்’ என்று மட்டும் அடித்துவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“சத்தமா, வினோ!” என்றான் கிஷாந்த். “கணக்கப்பிள்ள மாதிரி!”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“டிலானீ!”

அந்தச் சத்தம் எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வினோதாவே ஒரு நிமிடம் திடுக்கிட்டுப் போனாள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

“இருக்கேன்!”

“சசிகரன்!”

“இருக்கேன்!”

ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். வாசலில் காலைத் துடைத்தார்கள், வாங்கில் உட்கார்ந்தார்கள், தங்கள் பெயரை அடித்தார்கள், எழும்பினார்கள். ஐந்து பேருக்கு ஒரு தடவை சஞ்சயன் சேர் அனுப்பினார். நடுவில் புவனேஸ்வரி மட்டும் தன் பெயர் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் கவனித்தாள். “எங்கப்பாவுக்கு வேற பேரே கெடைக்கலியா?” என்று புலம்பிக்கொண்டே அடித்தாள்.

அழகனின் விரலைப் பிடித்து வினோதா அடித்தாள். பக்கத்தில் ‘அரைப்பேர், பாதியில் தூங்குவான்’ என்றும் சேர்த்தாள். நியாயம் நியாயம்தானே.

மணி ஐந்தாக மூன்று நிமிடம். கிஷாந்த் உட்கார்ந்து தன் பெயரை அடித்தான். பிறகு கொப்பியை எட்டிப் பார்த்தான்.

“ஒம் பேரு எங்க?”

“கணக்கப்பிள்ள தன் பேர எழுத மாட்டாங்கல்ல?”

“லூசு” என்று சொல்லிவிட்டு, ‘கணக்கப்பிள்ளை’ என்று சேர்த்து அவளுடைய பெயரையும் அவனே அடித்தான். படங்கு விஷயத்தைத் திரும்ப அடிக்க ஒரு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. ‘அங்கியை, கொழுந்தெடுக்கும் அம்மாமார் இடுப்பில் கட்டும் படங்கு என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்’ என்று வினோதா அடித்தாள். சேர் அனுப்பினார். கதவைப் பூட்டினார்.

அந்த வாரம் பீலியடியில் கதை இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. “தும்மியிருப்பாளோ?” என்று கிஷாந்த் மட்டும் தினமும் ஒரு தடவை கேட்டான்.

அடுத்த ஞாயிறு வினோதா வாங்கில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பின்னால் முப்பத்தொரு தலைகள். சஞ்சயன் சேருக்கு நிற்கவே இடமில்லை. “பொறுங்கோ, பொறுங்கோ” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பக்கம் மெதுவாகத் திறந்தது.

காற்றுக்காரி தும்மினாள். கை திறந்துகொண்டது. ஆனாலும் அவள் விழுகிற வேகத்தில் கயிற்றில் தொங்கிய பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் போய் விழுந்த இடம் பச்சைப் பசேலென்ற ஒரு மலை. அங்கி கிழிந்துபோயிருந்தது. அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து அவள் தோளில் கட்டினார். ‘இதுதான் நனையாது’ என்றார்.

“படங்கு!” என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கதையின் அடியில் இப்படி இருந்தது:

‘மேல்கணக்குக் கணக்கப்பிள்ளைக்கு. உங்கள் பெரட்டு கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேர். இனி பக்கத்தை மூட மாட்டேன். ஆனால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. நான் கதை எழுதுவதே யாராவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான். ஆகையால் அழகனுக்கு முழுப்பேர் போடவும்.’

அன்று பின்னேரம் பீலியடியில் வினோதா கொப்பியைத் திறந்து ‘அரை’ என்பதை அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று எழுதினாள். அந்தக் கொப்பி இன்னமும் அவளிடம் இருக்கிறது. பீலித் தண்ணீர் தெறித்து அந்தப் பக்கத்தில் மை பரவியிருக்கிறது.

“எறும்பு மாமாவ எழுதறவருக்கு எத்தன பேரு வாராங்களாம்?” என்று கிஷாந்த் கேட்டான்.

“ரெண்டு பேராம்.”

“ஐயோ பாவம். அடுத்த பெரட்டு அவருக்குத்தான்.”

வினோதா புதுக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். சொல்லத் தொடங்கும் முன் கணக்கப்பிள்ளை மாதிரிக் குரலை உயர்த்திக் கூப்பிட்டாள்.

“அழகன்! முழுப்பேரு!”

“இருக்கேன்!” என்று மலையே அதிரக் கத்தினான் அழகன். அப்படியே டிலானியின் மடியில் சாய்ந்து, கதை தொடங்குவதற்கு முன்பே தூங்கிப்போனான்.